"எத்தனை மணிக்குப் போறீங்க?": வாக்காளர் வீட்டு வாசலில் கற்றவை

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 69.72 சதவீதம். தர்மபுரி 81-ஐத் தாண்டியது, மத்திய சென்னை 54-ஐக்கூடத் தொடவில்லை. கணக்கு வெளியானதும் வழக்கமான வசனம் கிளம்பியது: "படிச்சவன் ஓட்டுப் போட மாட்டான், லீவு விட்டா டூர் போயிடுவான்." அந்தத் தேர்தலில் நாங்கள் சிலர் கட்சி சாராமல் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். அதனால் இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

டூர் போகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் தட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் வேறு ரகம். வாடகை வீடு மாறி, பெயர் இன்னும் பழைய தெருவிலேயே கிடப்பவர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஒன்பதுக்கு வந்து படுப்பவர்கள். பூத் எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியாதவர்கள். கைக்குழந்தையோடு ஏப்ரல் வெயிலில் வரிசையில் நிற்க பயந்தவர்கள். பெருநகரங்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர் பட்டியலிலேயே இருக்கும், ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் பெயர் இருக்கும். வராத அந்தப் பெயர்களெல்லாம் மொத்தத்தில் சேர்ந்துகொண்டு சதவீதத்தைக் கீழே இழுக்கும். திட்டு வாங்குவது மட்டும் உயிரோடு, ஊரோடு இருப்பவர்கள்.

ஆகவே "வாக்களிப்பது நம் கடமை" என்ற பேச்சை நாங்கள் சீக்கிரமே மூட்டை கட்டிவிட்டோம். கடமை எல்லோருக்கும் தெரியும். அவரவர் வழியில் எந்தச் சின்னக் கல் கிடக்கிறது என்று பார்த்து எடுத்துப் போடுவதுதான் தன்னார்வலரின் வேலை. அந்தக் கல் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறாக இருக்கும் என்பதுதான் இதிலுள்ள சிரமம், சுவாரஸ்யமும் அதுவே.

முக்கால்வாசி வேலை தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் உற்சாகமாக "நானும் வர்றேன்" என்பார்கள். அதற்குள் பட்டியல் கிட்டத்தட்ட மூடியிருக்கும். வேட்புமனு தாக்கல் முடியும் நாளுக்குச் சுமார் பத்து நாள் முன்புவரை கொடுத்த விண்ணப்பங்கள்தான் அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் ஏறும். 2024-இல் மார்ச் 16 அன்று தேதி அறிவித்தார்கள், மார்ச் 27 மனுதாக்கலின் கடைசி நாள், ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. ஏப்ரலில் வந்து "என் பொண்ணு பேரைச் சேர்க்கணும்" என்று கேட்டவர்களிடம் கையை விரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பட்டியல் வேலையில் அதிகம் குழம்புவது படிவங்களில்தான். புதிதாகப் பெயர் சேர்க்க படிவம் 6. வீடு மாறினாலும், பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும், அட்டை தொலைந்தாலும் படிவம் 8. ஆனால் வீடு மாறியவர்கள் முக்கால்வாசிப் பேர் படிவம் 6-ஐத்தான் மறுபடியும் நிரப்புவார்கள். பழைய இடத்தில் பெயர் அப்படியே இருக்க, புது இடத்தில் இன்னொன்று முளைக்கும். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி கூடாது, பிறகு சரிபார்ப்பு வரும்போது எந்தப் பெயரை அடிப்பார்கள் என்பதும் நம் கையில் இல்லை. அதனால் நாங்கள் வாசலில் கேட்கும் முதல் கேள்வி "ஓட்டு இருக்கா?" என்பதல்ல, "இந்த வீட்டுக்கு எப்போ வந்தீங்க?" என்பதுதான்.

கையில் அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நினைப்பவர்கள் இன்னும் ஏராளம். அட்டை பத்து வருடமாக பீரோவில் பத்திரமாக இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. 1950 என்ற எண்ணுக்குப் பேசியோ, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டோ நொடியில் பார்த்துவிடலாம். நாங்கள் செல்போனில் அங்கேயே தேடி, பாகம் எண்ணையும் (பட்டியலில் அந்த பூத்துக்குரிய பகுதியின் எண்) வரிசை எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுவோம். பளபளப்பான நோட்டீஸை மடித்து ஜன்னலில் செருகிவிடுவார்கள். அவர்கள் பெயரோடு கையால் எழுதிய துண்டுத்தாள் சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும்.

பதினெட்டு நிறைந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1989 வரை வாக்குரிமை வயது 21. அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தம்தான் அதை 18 ஆக்கியது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருக்க வேண்டும் என்ற ஒரே கணக்குதான். ஜனவரி 2-இல் பிறந்த பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருக்கும். 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாட்கள். பதினேழு முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்தும் வைக்கலாம். இது கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கே தெரியவில்லை. கல்லூரிகளில் உறுதிமொழி எடுக்க வைத்து, கையெழுத்துப் பலகை வைத்து, செல்ஃபி எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி, படிவம் 6-ஐ அங்கேயே நிரப்ப வைத்தால் போதும். உறுதிமொழியை யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

அப்புறம் பிஎல்ஓ. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அங்கன்வாடி அக்காவோ பள்ளி ஆசிரியரோ இருப்பார். தன் வேலைக்கு மேல் இதையும் சுமப்பவர். அவரிடம் அதிகாரமாகப் போய் நிற்கும் தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் நடக்காது. நாங்கள் ஒரு தெரு முடிந்ததும் "அக்கா, இந்த நாலு வீடு பூட்டியிருக்கு, இந்த வீட்ல தாத்தா போன மாசம் தவறிட்டார், மாடியில புதுசா குடி வந்திருக்காங்க" என்று சொல்லுவோம். அவருடைய அலைச்சல் பாதி குறையும், எங்கள் போனையும் எடுப்பார். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஊராரின் விண்ணப்பங்களை வாங்கிக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது, தனியாரிடம் மொத்தமாக வாங்க மாட்டார்கள். நிரப்ப உதவுங்கள், கொடுப்பது அவரவர் குடும்பமாகவே இருக்கட்டும்.

இனி வாசல் பேச்சு. முதல் பத்து நொடியில் உங்களிடம் கேட்கப்படாமல் கேட்கப்படும் கேள்வி, "நீங்க எந்தக் கட்சி?" அதற்கு வாயால் மட்டும் பதில் சொன்னால் போதாது, உடையும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவுக்கு ஒரே நிறத்தில் டி-ஷர்ட் எடுக்கலாம் என்று உட்கார்ந்து பேசியதுதான் நாங்கள் நடத்திய மிக நீண்ட கூட்டம். கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், காவி, நீலம் என்று எதை எடுத்தாலும் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். கடைசியில் டி-ஷர்ட்டே வேண்டாம் என்று முடிந்தது. கைகளும் ஆபத்து. டாட்டா காட்ட உள்ளங்கையை விரித்தால் ஒரு சின்னம், போட்டோவுக்கு இரண்டு விரல் காட்டினால் இன்னொரு சின்னம். புதிதாக வருபவர்களிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண்டிப்பாகச் சொல்லிவிடுவோம். சொந்தமாகக் கட்சிச் சார்பு இருப்பவர்கள் வரலாம், ஆனால் தேர்தல் முடியும்வரை தங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் அடக்கி வைக்க வேண்டும். தெருவில் எல்லோரும் எல்லோருடைய ஸ்டேட்டஸையும் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் 1998-இல் ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன் என்ற இரு அரசியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சில வாக்காளர்களை நேரில் போய்ப் பார்த்தார்கள், சிலருக்குத் தபால் போட்டார்கள், சிலரை போனில் அழைத்தார்கள். நேரில் பார்த்தது வாக்களிப்பைக் கணிசமாகக் கூட்டியது, தபால் கொஞ்சம்போல உதவியது, போன் அழைப்பால் பலனே இல்லை. நம் ஊருக்கு அந்த எண்கள் பொருந்துமா என்பது வேறு விஷயம், ஆனால் வாசலில் நின்றவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடும் "தவறாமல் வாக்களிப்பீர்" படத்துக்கு வணக்கம் போடும் பொம்மைதான் பதிலாக வரும். வாசலில் நின்று கேட்டால்தான் "பழைய அட்ரஸ்ல பேர் இருக்கு, என்ன பண்றது?" என்று உண்மை வெளியே வரும்.

"ஓட்டுப் போடுவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் போடுவேன் என்பார்கள். அந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. "எத்தனை மணிக்குப் போறீங்க?" என்று கேளுங்கள். ஒரு கட்டட மேஸ்திரியிடம் நடந்த பேச்சு இது.

"எத்தனை மணிக்குப் போறீங்கண்ணே?"

"சாயந்திரம் வந்து போட்டுடுவேன் தம்பி."

"வேலை எங்கே நடக்குது?"

"அது ஒரு மணி நேரம் பஸ். கான்கிரீட் போடுற நாள் வேற, ஆறு மணிக்குத்தான் விடுவாங்க."

"பூத்து ஆறு மணிக்கு மூடிடுமே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப காலையில ஏழு மணிக்கே போட்டுட்டு அப்படியே பஸ் ஏறிடறேன்."

இவ்வளவுதான். நான் எதையும் போதிக்கவில்லை, அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். எப்போது, எங்கிருந்து, யாரோடு என்று ஒருவர் தன் வாயால் சொல்லிவிட்டால் அந்த நாளுக்கு ஓர் உருவம் வந்துவிடுகிறது. வீட்டில் ஒருவர் கிளம்பினால் மற்றவர்களும் கிளம்புவார்கள் என்பதால் "யார் யார் சேர்ந்து போறீங்க?" என்பதையும் கேட்டுவிடுவோம்.

அந்த மேஸ்திரிக்குச் சட்டப்படி அன்று சம்பளத்தோடு விடுமுறை உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு அதைத்தான் சொல்கிறது, தினக்கூலிக்காரர்களுக்கும் சேர்த்தே. அதே பிரிவில் விடுமுறை தராத முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை என்றும் இருக்கிறது. அந்தத் தொகையைக் கேட்டு எந்த ஒப்பந்தக்காரர் நடுங்கப்போகிறார்? எனவே உரிமையைச் சொல்லுவோம், கூடவே ஏழு மணி யோசனையையும் சொல்லுவோம். கடைகள், சிறு பட்டறைகள் இருக்கும் தெருவில் முதலாளியிடமே போய் "பாதிப் பேரை காலையில விடுங்க, மீதிப் பேரை மதியம் விடுங்க" என்று கேட்டதில் பலன் கிடைத்திருக்கிறது. சட்டத்தை நீட்டியபோது முகம் சுளித்தவர்கள்கூட இதற்குச் சரி என்றார்கள்.

அடையாள ஆவணம் பெரிய குழப்பம். வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, படத்தோடு கூடிய ஓய்வூதிய ஆவணம் என்று மாற்று ஆவணங்கள் 12 உண்டு. அந்தப் பட்டியலில் ரேஷன் கார்டு இல்லை. தமிழ்நாட்டில் எல்லாவற்றுக்கும் ஸ்மார்ட் கார்டைத்தான் நீட்டிப் பழக்கம், எனவே இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். பூத் சிலிப்பும் அடையாளம் ஆகாது. எந்த பூத், எந்த வரிசை எண் என்று அது சொல்லும், அவ்வளவுதான். சிலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து வெயிலில் திரும்பி வீட்டுக்குப் போகும் பெரியவர்கள் மறுபடி வருவதில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் பொய்யாகிவிடும். "ஓட்டுப் போடச் சொல்றீங்க, எவ்வளவு தருவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், சிரிக்காமலும் கேட்பார்கள். பணப்புழக்கம் காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் தேர்தலே நிறுத்தப்பட்ட மாநிலம் இது. கொடுப்பது மட்டுமில்லை, வாங்குவதும் குற்றம்தான். ஆனால் வாசலில் நின்று அதைச் சொன்னால் கதவு சாத்தப்படும். நாங்கள் சொல்வது ஒன்றே ஒன்று: "உள்ளே மிஷின் முன்னாடி நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்கம்மா, யாருக்குப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாது." வாங்கிய பிறகு மாற்றிப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் நிறைய பேரிடம் இருக்கிறது, பெண்களிடம் அதிகம். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் விவிபாட் இயந்திரத்தில் ஏழு நொடி தெரியும் சீட்டைக்கூட வெளியே யாரோ பார்க்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். அது வாக்களிப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும் என்று விளக்கினால் முகம் தெளியும். பட்டுவாடாவை நேரில் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் பெயர் சொல்லாமலே புகார் அனுப்பலாம். தனியாகப் போய்த் தடுக்க நிற்காதீர்கள், அது பறக்கும் படையின் வேலை.

"எவன் வந்தாலும் ஒண்ணுதான்" என்பவர்களிடம் வாதம் செய்வதை நாங்கள் விட்டுவிட்டோம். நோட்டா இருக்கிறது என்று சொல்லுவோம். 2013-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்தது அது. ஆனால் நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தால் மறுதேர்தல் வரும் என்று நம்பிப் போடுபவர்களிடம் உள்ளதையும் சொல்லிவிட வேண்டும்: மக்களவை, சட்டமன்றத் தேர்தலில் நோட்டா முதலிடம் வந்தாலும் அதற்கு அடுத்து வந்த வேட்பாளர்தான் வென்றவர். கோபத்தைப் பதிவு செய்யலாம், தேர்தலை நிறுத்த முடியாது.

முதியவர்கள் விஷயத்தில்தான் எங்கள் நேரம் அதிகம் போனது. 85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியாகி ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஐந்தே நாள்! அதனால் எந்தெந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முன்பே குறித்து வைத்திருந்தால்தான் பிஎல்ஓ வரும்போது உதவ முடியும். நகரத்தில் இதைத் தவறவிட்ட குடும்பங்கள் நிறைய.

ஆனால் எல்லோருக்கும் இது பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு தாத்தாவிடம் மகன் 12டி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா என் பக்கம் திரும்பி, "வீட்டுக்கு வந்தா மையி வைப்பாங்களா?" என்றார். வைப்பார்கள் தாத்தா என்றேன். "வரிசை இருக்குமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்கு நாலு பேரைப் பார்க்க வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும். 12டி கொடுத்துவிட்டால் பிறகு பூத்தில் போய்ப் போட முடியாது என்பதால் அவர் விருப்பப்படியே விட்டுவிட்டோம். வாக்குப்பதிவு நாளில் சக்கர நாற்காலி இருக்கும் பூத்தா என்று முன்பே பார்த்து வைத்தோம். கண் தெரியாதவர்கள், தானாகப் பொத்தானை அழுத்த முடியாதவர்கள் 18 வயது நிரம்பிய துணை ஒருவரை உள்ளே அழைத்துப் போகலாம். ஆனால் ஒருவர் அன்று ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணையாக இருக்க முடியும். தன்னார்வலர் ஒருவரே எல்லாப் பாட்டிகளையும் கூட்டிப் போகலாம் என்ற திட்டம் நடக்காது, பேரப்பிள்ளைகளைத் தயார் செய்யுங்கள்.

வாக்குப்பதிவு நாளன்று நாங்கள் வெகுவாக அடங்கிவிடுவோம். பூத்திலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிக்கத் தடை உண்டு. நாங்கள் யாருக்கும் கேட்பதில்லை என்றாலும் அந்த எல்லைக்குள் நின்று கூட்டமாகப் பேசினால் முகவர்களுக்கும் போலீசுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வதிலும் அப்படித்தான். வேட்பாளர் தரப்பு இலவசமாக வண்டி விடுவது தேர்தல் முறைகேடு, நம் வண்டியையும் அப்படிப் பார்ப்பார்கள். சொந்தக்காரரை, பக்கத்து வீட்டுக்காரரை உங்கள் ஸ்கூட்டரில் கொண்டு விடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அன்று எங்கள் வேலை பெரும்பாலும் போனில்தான்: எந்த அறை, வரிசை எவ்வளவு நீளம், மதியம் கூட்டம் குறைந்ததா. காலையில் வரிசையைப் பார்த்துவிட்டுப் போடாமலே பத்துக்குள் திரும்பிவிட்டவர்களிடம் "இப்ப வாங்க, ஆளே இல்லை" என்று சொன்னால் இரண்டு மணிக்கு வந்துவிடுவார்கள். ஐந்தே முக்காலுக்குப் போன் செய்து "இனிமே வந்தா விடுவாங்களா?" என்பவர்களுக்கு ஒரே பதில்: ஆறு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுப்பார்கள், எத்தனை மணியானாலும் போட்டுவிட்டுத்தான் வருவீர்கள்.

அன்று காலையில் தவறாமல் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்கள், டெண்டர் ஓட்டு 14 சதவீதம் தாண்டினால் மறுவாக்குப்பதிவு என்றெல்லாம் இருக்கும். இரண்டும் பொய். பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால், அடையாளத்தை நிரூபித்து டெண்டர் ஓட்டு கேட்கலாம். அது காகிதச் சீட்டில் வாங்கித் தனி உறையில் வைக்கப்படும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. இந்தச் செய்தியை நம்பி பூத்தில் சண்டை போடுபவர்களால் வரிசையே நின்றுவிடும், பின்னால் நிற்பவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் முந்தின நாள் இரவே எங்கள் குழுக்களில் இதை மறுத்துப் போட்டுவிடுவோம்.

செய்யக்கூடாதது ஒன்று. யார் போட்டார், யார் போடவில்லை என்று தெருவில் பேசுவது. 2006-இல் மிச்சிகனில் வாக்காளர் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தார்களா என்று கடிதத்தில் அச்சிட்டு அனுப்பிய ஒரு சோதனையில் வாக்களிப்பு 8 புள்ளி கூடியது. நம் தெருவில் அதைச் செய்தால் ஓட்டு கூடுமோ இல்லையோ, சண்டை நிச்சயம். வாசலில் எழுதிக்கொண்ட பெயர், போன் எண், உடல்நிலைக் குறிப்பு எல்லாவற்றையும் தேர்தல் முடிந்ததும் அழித்துவிடுகிறோம். அந்த நோட்டு எந்தக் கட்சிக்காரர் கையில் கிடைத்தாலும் அவருக்குப் பொக்கிஷம், அடுத்த முறை எங்களுக்கு யாரும் கதவு திறக்க மாட்டார்கள்.

தொடங்க நினைப்பவர்கள் தொகுதி, வார்டு என்று பெரிதாகப் போக வேண்டாம். உங்கள் பூத்துக்குரிய ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1,000 பெயர் இருக்கும், நாலு பேர் சேர்ந்தால் மாலை ஐந்துக்கு மேல் நடந்தே முடித்துவிடலாம். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அந்தப் பாகத்தின் பட்டியலைத் தமிழிலேயே இறக்கிக்கொள்ளலாம். தேர்தல் இல்லாத வருடத்தில் தொடங்குவதே உசிதம். அப்போது கட்சிச் சந்தேகம் குறைவு, பிஎல்ஓவுக்கும் பேச நேரம் இருக்கும், வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8 நிரப்ப அவசரமும் இல்லை. முதல் சுற்றில் வாடகை வீடுகளை மட்டும் பார்த்தால்கூடப் போதும்.